ஒரு விரலுக்குத் திறந்த கதவு

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தோளால் முட்டித் திறந்ததுதான். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்தக் கதவு அப்படித்தான். மழையில் மரம் ஊதி, நிலையோடு இறுகிக்கொள்ளும். அண்ணன் காலால் உதைப்பார். அண்ணி இரண்டு கையாலும் தள்ளுவார். நான் இடது தோளைக் கொடுப்பேன். கதவு ஒரு வழியாகத் திறந்தபோது பால்காரர் முனியப்பா சந்தில் நின்றிருந்தார். வழக்கமாகச் சைக்கிளில் உட்கார்ந்தபடியே காலை ஊன்றிப் பால் ஊற்றுகிறவர், அன்று இறங்கி நின்றிருந்தார்.

"டீச்சர், உங்க கிரேஸ் டீச்சரம்மா போயிட்டாங்க. விடியற நேரத்துலயாம்."

எப்படி என்று நான் கேட்கவில்லை.

"கதவு திறந்துச்சா?" என்று கேட்டேன்.

"எந்தக் கதவுங்க?"

"அவங்க வீட்டுக் கதவு. உடைச்சாங்களா, இல்ல தானா திறந்துச்சா?"

"அது தெரியலிங்களே. தெருமுனையில சொன்னாங்க. உங்களுக்குச் சொல்லணும்னு நேரா வந்துட்டேன்."

நம் பள்ளியின் ஆண்டு மலருக்காக இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் கிரேஸ் டீச்சரிடம் விஞ்ஞானம் படித்த மாணவிகள், அவரோடு வேலை பார்த்த ஆசிரியைகள். பள்ளியோடு தொடர்பு விட்டுப்போனவர்களுக்கு நான் கேட்ட கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஓசூரில் தனியாக இருந்த வருஷங்களை அறிந்தவர்களுக்குத் தோன்றாது. அவர்களில் பலரும் அன்று அதையேதான் முதலில் கேட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குக் கால் மணி நேர நடை. வாரம் முழுக்கப் பெய்த மழை அன்று விட்டிருந்தது. பெங்களூர் ரோட்டைத் தாண்டி, மலைக்கோயில் தெரிகிற பக்கமாகத் திரும்பி நடந்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கண் கதவுக்குத்தான் போயிற்று. எல்லாம் மழையில் நனைந்து கறுத்த கதவுகள். அன்று எனக்கு இருந்த பயத்தைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பழைய சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நாலைந்து வருஷங்களுக்கு முன்னால், இதே போன்ற மழைக் காலம். டீச்சருக்கு மூச்சிழுப்பு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கும்போது மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வார். ஒரு சாயங்காலம் வீட்டில் தனியாக இருந்தபோது இழுப்பு வந்துவிட்டது. தட்டுத் தடுமாறி வாசல் கதவு வரை வந்து தாழ்ப்பாளையும் நீக்கிவிட்டார். கதவு வரவில்லை. ஊதிய மரம் நிலையைக் கவ்விக்கொண்டிருந்தது. இழுக்க அவருக்குத் தெம்பில்லை. பின்பக்கக் கதவுக்கோ உள்ளே குறுக்குக்கட்டை போட்டிருந்தது. அவர் கதவைத் தட்டிய சத்தம் பக்கத்து வீட்டு மல்லம்மாவுக்குக் கேட்டு, அவள் கூச்சல் போட்டு, தெருவில் போன ஆட்கள் கடப்பாரையால் கதவை உடைத்து உள்ளே போனார்கள்.

சேதி கேட்டு நான் ஓடியபோது டீச்சர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் நீலம் பாரித்திருந்தது. பேச முடிந்ததும் கடப்பாரைக்காரரைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: "கீழ்ப்பலகையை நெம்பியிருக்கக் கூடாதாப்பா? நடுப் பலகையைப் போய் உடைச்சிட்டியே."

அந்த ஆள் திகைத்துப்போனார். "உசிரு போயிருக்கும் டீச்சரம்மா" என்றார்.

"அது சரி. உசிரும் இருக்கு, உடைஞ்ச கதவும் இருக்கு. ரெண்டையும் வெச்சிக்கிட்டு இந்தக் குளிர்ல நான் எப்படித் தூங்கறது?"

ஆனால் விஷயம் சிரிப்போடு முடியவில்லை. ஊரே கூடி ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டது. வயதான பெண்பிள்ளை தனியாக இருக்கக் கூடாது. குருபரப்பள்ளியிலிருந்து அவருடைய தம்பி மகன் வந்து, கையோடு அழைத்துப்போகிறேன் என்று நின்றான். சபைப் போதகரும் வந்து தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். என் அண்ணன் பேசியது அவரை நினைத்து அல்ல, என்னை நினைத்து. "பாத்தியா சாரதா? தனியா இருக்கிற பொம்பளைக்குக் கதவுதான் எமன்" என்றார்.

டீச்சர் எல்லாரும் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தம்பி மகனிடம் சொன்னார்: "பழுது கதவுல இருக்கு. கதவைச் சரி பண்ணா போதும். என்னை எதுக்குடா மாத்தணும்?"

அந்த வார்த்தையை அவர் பிடிவாதத்தில் சொன்னதாக அன்று எல்லாரும் நினைத்தோம். அவர் அதை ஒரு வேலைத் திட்டமாகச் சொல்லியிருக்கிறார் என்பது மறுநாள் தெரிந்தது.

மறுநாள் போனபோது பேரிகை ஊரிலிருந்து ஆசாரி வந்து உடைந்த பலகையை மாற்றிக்கொண்டிருந்தார். தெலுங்கு பேசுகிறவர், நகைச்சுவைக்காரர். டீச்சர் பள்ளிக்கூடத்து மஞ்சள் சாக்பீஸ் ஒன்றை வைத்துக்கொண்டு நிலையின் உள்விளிம்பு முழுக்கத் தேய்த்தார். கதவைச் சாத்தி மறுபடி திறந்தார். கதவின் ஓரத்தில் எங்கெல்லாம் மஞ்சள் ஒட்டியிருந்ததோ அந்த இடங்களைப் பென்சிலால் சுழித்தார்.

"எங்கெங்க உரசுதுன்னு இப்பத் தெரியுதில்ல?" என்றார்.

ஆசாரி என்னைப் பார்த்து, "கதவுக்கும் மார்க் போடறாங்கம்மா. இது பெயிலு" என்றார். இழைப்புளியை எடுத்தார்.

"வேண்டாம். இப்ப இழைக்காதீங்க."

"பின்னே எப்பங்க?"

"பங்குனியில வாங்க. மழையில ஊதின மரத்தை இப்ப இழைச்சிட்டா, வெயில்ல அது சுருங்கினதும் சந்து வழியாப் பூனை வரும். காயட்டும். பென்சில் குறி அங்கேயேதான் இருக்கும்."

அந்த மழைக்காலம் முழுக்க அவர் கதவை இறுகச் சாத்தாமல் உள்ளே ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துத் தூங்கினார். பங்குனியில் ஆசாரி வந்து, கதவைக் கீலிலிருந்து கழற்றிக் குறி போட்ட இடங்களில் மட்டும் இழைத்தார். கதவு படுத்துக் கிடந்தபோது டீச்சர் அதன் அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினார். முகப்பில் பச்சை வர்ணம் பளபளத்தது. அடி விளிம்பு வெறும் மரம்.

"பாத்தியா? இந்த இடம் கண்ணுக்குத் தெரியாதில்ல, அதனால எவனும் பூச மாட்டான். தண்ணி ஏறுறது இந்த வழியாத்தான்."

அடி விளிம்புக்கும் தலை விளிம்புக்கும் ஆளிவிதை எண்ணெய் தடவி, காயவிட்டு, வர்ணம் பூசினார். பின்பக்கக் கதவுக்கும் அப்படியே. வருஷா வருஷம் வெயில் காலத்தில் கதவைக் கழற்றி அந்த இரண்டு விளிம்புகளையும் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. மற்றவர்கள் வடகம் போடுகிற நாட்களில் அவர் கதவைக் காயப் போட்டிருப்பார். கீல்களுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். தாழ்ப்பாளுக்கு மட்டும் எண்ணெய் கிடையாது. எண்ணெயில் தூசி ஒட்டி இறுகும் என்று மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்ப்பார். சர்ச்சில் எரிந்து மீந்த துண்டுகளை அங்கே மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

பின்பக்கக் கதவில் அவர் செய்த மாற்றம்தான் தெருவில் அதிகம் பேசப்பட்டது. குறுக்குக்கட்டையை எடுத்துவிட்டு, மேலே தூக்கினால் விடுபடுகிற மரக் கொண்டி ஒன்றைச் செய்யச் சொன்னார். கொண்டியில் ஒரு கயிறு கட்டி, கதவில் துளையிட்டு, அதன் நுனியை வெளியே விட்டார். வெளியே என்றால் மல்லம்மா வீட்டுக் கொல்லைப் பக்கம். நடுவில் இடுப்பளவு மண்சுவர்தான். மல்லம்மா பூக் கட்டி விற்கிறவள், கன்னடக்காரி, என் வயதுதான். ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டினால் அவள் வந்து கயிற்றை இழுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"திருடன் இழுத்தா?" என்று அண்ணி ஒரு தடவை டீச்சரிடமே கேட்டார்.

"திருடனுக்கு ஓட்டைப் பிரிக்கத் தெரியும். மல்லம்மாவுக்குத் தெரியாதே" என்றார் டீச்சர்.

கதவு அவருக்கு அவசியத்தால் வந்த வேலை. ஜன்னல்கள் அப்படி இல்லை, ஆசையால் வந்தவை. நான் கல்லாவியிலிருந்து வந்து, மதராஸில் படித்த பட்டங்களோடு நம் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்தில், ஆசிரியைகள் அறையில் அவர் ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலை மணி அடிப்பதற்கு முன்னால். தலைமை ஆசிரியை உள்ளே வந்து, "பியூன் எங்கே போனார்?" என்று கேட்டார்.

"இருக்கார் மேடம். அவர் மத்தியானம் துடைக்கிறார். சுடற கண்ணாடியில தண்ணி பட்டதும் காஞ்சி, கோடு கோடா நின்னுடுது. மலையைப் பாத்தா புலி மாதிரி இருக்கு."

ஈரத் துணியால் ஒரு முறை, பிறகு கசக்கிய செய்தித்தாளால் ஒரு முறை. அவ்வளவுதான். அவர் இறங்கிய பிறகு நான் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புலி போய், மலை வந்திருந்தது. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். என்னைவிட அவர் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எந்த நாளும் அதை என்னிடம் காட்டிக்கொண்டதில்லை.

ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்துவைக்கிற மக்கு உலர்ந்து விழுந்தால் அவரே பிசைந்து அடைப்பார். சுண்ணாம்புப் பொடியை ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டி, ஈரத் துணியால் மூடிவைத்திருப்பார். ஒரு விடுமுறை நாளில் தலைமை ஆசிரியை அவர் வீட்டுக்கு வந்தவர், துணியைத் தூக்கிப் பார்த்து, "அடடே, கொழுக்கட்டையா?" என்றார்.

"ஆமா மேடம். ஜன்னலுக்கு."

மேடம் அந்தக் கதையை ஓய்வு பெறும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பிகளில் துரு ஏறினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சிவப்புப் பூச்சு அடித்துவிடுவார். ஓசூர்ப் பனிக்கு இரும்பு தாங்காது என்பார். குளியலறைக் கதவு தண்ணீர் பட்டுப் பட்டு உளுத்தபோது, பெங்களூரில் ஃபாக்டரி ஒன்றில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி வழவழப்பான ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். வினைல் என்று அதற்குப் பெயராம். நாங்கள் யாரும் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. டீச்சர் அதைக் கதவின் கீழ்ப்பாதியில் சின்ன ஆணிகளால் அடித்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. மல்லம்மா உதவியாக இருக்கட்டும் என்று, பாத்திரம் துலக்குவதுபோல் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு அதைத் தேய்த்துவிட்டாள். பளபளப்பெல்லாம் போய்க் கீறல் கீறலாக ஆகிவிட்டது. மல்லம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சர் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். "எல்லாத்துக்கும் சாம்பல் ஆகாது மல்லம்மா. இதுக்குச் சோப்புத் தண்ணியும் பழைய வேட்டித் துணியும் போதும். குழந்தைக்கு மூஞ்சி தொடைக்கிற மாதிரி."

"கெட்டுப் போச்சே டீச்சரம்மா."

"தண்ணி உள்ளே போகுதா?"

"இல்ல."

"அப்பக் கெடலை. அழகு போயிருக்கு. குளிக்கிற இடத்துல அதை யாரு பாக்கப்போறா, விடு."

அந்த வீட்டில் தெருப் பக்கமாக இன்னொரு அறை உண்டு. தனி வாசல், தனி ஜன்னல். சும்மா கிடந்தது. கடந்த இரண்டு வருஷமாக அதைக் காட்டி டீச்சர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "வந்துடேன் சாரதா. உங்க அண்ணன் வீட்டுல உனக்குன்னு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது."

அது உண்மை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கான காரணங்களுக்கு இது இடமல்ல. பதினேழு பதினெட்டு வருஷமாக அண்ணன் வீட்டில் இருக்கிறேன். நான் படுக்கிற அறையில் ஒரு பக்கம் உர மூட்டைகள் அடுக்கியிருக்கும், அண்ணனுக்குக் கடைவீதியில் உரக்கடை. ஜன்னல் அந்த மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அண்ணன் கெட்டவர் அல்ல. என்னைப் படிக்கவைக்க எங்கள் அப்பாவோடு சண்டை போட்டவர். ஆனால் டீச்சர் வீட்டு அறையைப் பற்றி நான் பேச்செடுத்தபோதெல்லாம் அவர் ஒன்றையே கேட்டார்.

"நாளைக்கு அவங்க போயிட்டா நீ தனிதானே? ராத்திரி நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டா யாரு வந்து கதவை உடைப்பா?"

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டீச்சரிடம் "பார்க்கலாம்" என்பேன். அவர், "பாரு, பாரு. நல்லாத் துடைச்சிட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அன்று காலை சந்தில் நான் முனியப்பாவிடம் கேட்டது டீச்சருக்காக மட்டும் இல்லை. அந்தக் கதவு திறக்காமல் போயிருந்தால் அண்ணன் கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும். டீச்சர் தனியாக, மூச்சுக்குத் தவித்து, கம்பியில் தட்டித் தட்டி ஓய்ந்திருந்தால், நான் வாழ்நாள் முழுக்க உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தெரு திரும்பியதும் அந்தப் பச்சைக் கதவு தெரிந்தது. விரியத் திறந்திருந்தது. பலகை எதுவும் உடையவில்லை. கீலில் நேராக நின்றது. நான் தெருவிலேயே நின்று அதைப் பார்த்தேன். பிறகுதான் உள்ளே போனேன்.

மல்லம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பூக்காரியின் விரல்களில் எப்போதும் இருக்கிற பச்சைக் கறை இருந்தது. கன்னடமும் தமிழும் அவள் பேச்சில் பாதிப் பாதி. கதவு அவளுக்கு எப்போதும் பாகிலுதான்.

"பூக் கட்ட எழுந்தேன் சாரதம்மா. கம்பியில டங்கு டங்குன்னு கரண்டி சத்தம். ஓடி வந்தேன். கயிறு இழுத்தேன், அஷ்டே. பாகிலு தானே திறந்துகிச்சு."

அவ்வளவுதான் என்பதற்கு அவள் சொல் 'அஷ்டே', என்ன என்பதற்கு 'ஏனு'.

"தள்ளினியா?"

"தள்ளறதா? இதோ, இந்த ஒரு விரல்." ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினாள். "இவ்வளவு மழையில எங்க வீட்டுப் பாகிலுக்கு என் மாமியாரும் நானும் சேர்ந்து நிக்கணும்."

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் டீச்சரை அறிந்த நீங்கள் எல்லாரும் இதைக் கேட்க வேண்டும். அவள் உள்ளே போனபோது டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மல்லம்மா அவரைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். வெந்நீர் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்தார். தன் மகனை டாக்டர் வீட்டுக்கு ஓடச் சொன்னாள். டீச்சர் கையை நீட்டி ஜன்னலைக் காட்டினார். மல்லம்மா கொக்கியை எடுத்ததும் இரண்டு கண்ணாடிக் கதவுகளும் சத்தமில்லாமல் வெளிப்பக்கம் திரும்பின. மழை விட்ட காற்று உள்ளே வந்தது. இழுப்பு சற்றுத் தணிந்ததுபோல் இருந்ததாம். வெளிச்சம் வரும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மலை தெரிய ஆரம்பித்தபோது டீச்சர், "கண்ணாடி சுத்தமா இருக்கா மல்லம்மா?" என்று கேட்டார்.

"சுத்தமா இருக்கு டீச்சரம்மா. திறந்துதானே இருக்கு."

"அதுவும் சரிதான்" என்றார். சிரித்தார் என்று மல்லம்மா சொல்கிறாள். டாக்டர் வந்தபோது டீச்சர் அவள் தோளில் சாய்ந்தபடியே போயிருந்தார். இதயம் பலவீனமாகி வெகு நாளாயிற்று, மருந்துக்கு அடங்குகிற நிலை தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம்.

இதைக் கேட்டபோது எனக்குள் இறுகியிருந்த ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. மூச்சு தாராளமாக வந்தது. அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. எழுந்து போய்ப் பின்பக்கக் கதவைச் சாத்தினேன், திறந்தேன். மறுபடி சாத்தி, ஒரு விரலால் தொட்டேன். திறந்தது. அடக்கத்துக்கு வந்த அண்ணி, "ஏன் சாரதா, ஒரு சொட்டுக்கூட அழலையே நீ" என்று காதருகே கேட்டார். துக்கம் இல்லாமல் இல்லை. அந்தத் துக்கத்துக்கு இனி பயப்பட வேண்டியதில்லை என்பதுதான் அன்றைக்கு என் மனதில் பெரிதாக நின்றது.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் முடித்து, கூட்டம் கலைந்தபோது, அண்ணன் யாரிடமோ தணிந்த குரலில், "பாவம், தனியாவே இருந்தாங்க, தனியாவே போயிட்டாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். மல்லம்மா முன்னால் நடந்துகொண்டிருந்தவள் திரும்பினாள்.

"யாரு தனி? நான் ஏனு அங்க தூணா நின்னேன்?"

சுற்றி நின்ற பழைய மாணவிகள் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். டீச்சர் இருந்திருந்தால் அந்தப் பதிலுக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.

தம்பி மகன் வீட்டைக் காலி செய்ய வந்தபோது உதவிக்குப் போனேன். பைபிளையும் மூக்குக்கண்ணாடியையும் அவன் எடுத்துக்கொண்டான். புத்தகங்கள் பள்ளி நூலகத்துக்கு வந்தன, நீங்கள் அங்கே பார்க்கலாம். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். ஜன்னல் மாடத்திலிருந்த தகர டப்பாவைக் கேட்டேன். அதில் மெழுகுவர்த்தித் துண்டுகள், உப்புத்தாள், பாதி தேய்ந்த ஒரு மஞ்சள் சாக்பீஸ். "இதை வெச்சிக்கிட்டு என்ன செய்வீங்க டீச்சர்?" என்றான். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிற பொருள் அதுதான். பொருளல்லாத ஒன்றும் உண்டு. எது பழுதோ அதைச் சரி செய், உன்னை ஏன் மாற்றிக்கொள்கிறாய் என்று அவர் பிடிவாதமில்லாமல் கேட்ட அந்தக் குரல்.

ஆள் இல்லாத வீடு என்பதால் மல்லம்மா கயிற்றை உள்ளே இழுத்துவிட்டுத் துளையில் துணியை அடைத்திருக்கிறாள். சாவி அவளிடம்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார். குடிவர யாராவது கேட்டால் தெரியப்படுத்தச் சொல்லியிருக்கிறாராம். இன்னும் யாரும் கேட்கவில்லை என்று அவள் போன வாரம் பள்ளி வாசலில் பூ விற்கும்போது என்னிடம் சொன்னாள். நான் ஒரு முழம் வாங்கிக்கொண்டு, "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று எங்கள் கொல்லைக் கதவின் நிலையில் மஞ்சள் சாக்பீஸைத் தேய்த்து, சாத்தித் திறந்து, உரசுகிற இடங்களைப் பென்சிலால் சுழித்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "என்ன பரீட்சை இது?" என்றார். பங்குனியில் ஆசாரியைக் கூப்பிட்டு அந்த இடங்களில் மட்டும் இழைக்கச் சொல்லுங்கள், அடி விளிம்புக்கு எண்ணெய் தடவச் சொல்லுங்கள் என்றேன். "நீ பக்கத்துல நின்னு சொன்னாத்தானே அவன் செய்வான்" என்றார். நான் சாக்பீஸைத் தகர டப்பாவில் போட்டு மூடினேன்.

பங்குனியில் நான் அண்ணன் வீட்டில் இருக்க மாட்டேன். டீச்சரின் வீட்டில் இருப்பேன், இரண்டு பச்சைக் கதவுகளையும் கழற்றி வெயிலில் போட்டுக்கொண்டு. இந்த மலர் அச்சாகி அண்ணன் கைக்கு வருவதற்குள் அவரிடம் நானே சொல்லிவிடுவேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்பார். இந்தத் தடவை பதில் இருக்கிறது. ஆனால் நான் குடிபோகிற விஷயம் இந்த வரியை எழுதுகிற இந்த நிமிஷம் வரை யாருக்கும் தெரியாது. துளையிலிருந்து துணியை எடுத்து, கயிற்றின் நுனியை மறுபடி வெளியே விட வேண்டிய மல்லம்மாவுக்குக்கூட.